அழற்சி, தட்டணு, ரத்த உறைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சலோ முடக்குவாதமோ குடல் அழற்சியோ, எது வந்தாலும் பரிசோதனைத் தாளில் தட்டணு எண்ணிக்கை ஏறியோ இறங்கியோ நிற்கும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிகளும் வீட்டாரும் செவிலியர்களும் ஆய்வக மாணவர்களும் எழுப்பும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றை அவரவர் கேட்ட சொற்களிலேயே தொகுத்திருக்கிறோம். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். இதைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் தானாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள்.

1. பிளேட்லெட்னா என்ன? ரத்தத்தை உறைய வைக்கிறது மட்டும்தானே அதோட வேலை?

பிளேட்லெட், அதாவது தட்டணு, முழு உயிரணு கிடையாது. பெரிய உயிரணு ஒன்றிலிருந்து உதிர்ந்த துண்டு. எலும்பு மஜ்ஜையில் உள்ள மெகாகேரியோசைட் தன் நீட்சிகளை ரத்தக்குழாய்க்குள் நீட்டும். அவை உடைந்து ஆயிரக்கணக்கான தட்டணுக்கள் ஆகும். குறுக்களவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். உட்கரு இல்லை. ஆயுள் 7 முதல் 10 நாள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருப்பது இயல்பு. உடலில் உள்ளவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மண்ணீரலில் தங்கியிருக்கும்.

உறைய வைப்பது முதன்மை வேலைதான். அதோடு, கிருமியின் கூறுகளை அடையாளம் காணும் ஏற்பிகளும் வெள்ளணுக்களை அழைக்கும் வேதிப்பொருள்கள் அடைத்த நுண்பைகளும் தட்டணுவில் உண்டு. நோய் எதிர்ப்பில் அதற்கும் பங்கிருக்கிறது.

2. அழற்சின்னா வீக்கம்தானே? முட்டியில இருக்கிற வீக்கம் ரத்தத்தை எப்படிப் பாதிக்கும்?

வீக்கம், சிவப்பு, சூடு, வலி எல்லாம் வெளியே தெரிபவை. உள்ளே நடப்பது ஒரு செய்திப் பரிமாற்றம். கிருமியையோ சிதைந்த திசுவையோ கண்ட உயிரணுக்கள் சைட்டோகைன் எனப்படும் சிறு புரதங்களை வெளிவிடுகின்றன. நம் கேள்விகளுக்கு மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்: டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6.

முதலிரண்டும் பெரும்பாலும் அருகில் உள்ள ரத்தக்குழாய்ச் சுவரையும் வெள்ளணுக்களையும் உசுப்பும். இன்டர்லூகின்-6 ரத்தத்தோடு பயணித்துக் கல்லீரலை எட்டும். அதன் கட்டளையில்தான் கல்லீரல், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. புரதத்தையும் ரத்தம் உறையத் தேவையான ஃபைப்ரினோஜன் புரதத்தையும் கூடுதலாகச் சுரக்கிறது. முட்டி வீக்கம் கல்லீரல் வழியாக உடல் முழுதும் ஓடும் ரத்தத்தின் தன்மையை மாற்றுவது இப்படித்தான். சிவப்பணுக்கள் படியும் வேகமான இ.எஸ்.ஆர். ஏறுவதும் இதனால்தான்: ஃபைப்ரினோஜன் மிகுந்தால் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒட்டி வேகமாகக் கீழே படியும்.

3. ரத்தம் உறையறதும் கிருமியை எதிர்க்கிறதும் வேற வேற வேலையாச்சே. உடம்பு ஏன் ரெண்டையும் ஒண்ணா முடிச்சு வெச்சிருக்கு?

குதிரைலாட நண்டைப் பார்த்தால் விளங்கும். அதன் ரத்தத்தில் பெரும்பாலும் ஒரே வகை உயிரணுதான் உண்டு. பாக்டீரியாவின் நச்சு பட்டதும் அந்த உயிரணு வெடித்து, சுற்றியுள்ள ரத்தத்தை உறைய வைத்துக் கிருமியைச் சிறைப்பிடிக்கும். 1956-இல் ஃபிரெடெரிக் பாங் இதை வெளியிட்டார். ஊசி மருந்துகளில் நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இதிலிருந்து பிறந்தது. நம்மிடம் தட்டணுவும் வெள்ளணுவும் தனித்தனியாக இருந்தாலும் ஒன்றின் மொழி மற்றதற்குப் புரிகிறது. நுண்ணிய குழாய்களில் உறைவை உண்டாக்கிக் கிருமி பரவாமல் தடுப்பது ஒரு பாதுகாப்பு முறை. அது அளவு மீறும்போது நோயாகிறது.

4. நிமோனியா சரியாகி ரெண்டு வாரம் ஆச்சு. இப்போ பிளேட்லெட் 6 லட்சம்னு வந்திருக்கு. ரத்தம் கட்டிக்குமா?

பெரும்பாலும் இல்லை. தட்டணு உற்பத்தியை நடத்தும் ஹார்மோன் த்ராம்போபொயட்டின்; அதைச் சுரப்பது முக்கியமாகக் கல்லீரல். இன்டர்லூகின்-6 அந்தச் சுரப்பையும் கூட்டும். மஜ்ஜையில் மெகாகேரியோசைட்கள் முதிர்ந்து தட்டணுவை உதிர்க்கச் சில நாட்கள் ஆகும் என்பதால், காய்ச்சல் தணிந்த பிறகு எண்ணிக்கை உச்சத்துக்குப் போவது வழக்கம். குழந்தைகளுக்கு வரும் கவாசாகி நோயில் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் 10 லட்சத்தைக்கூடத் தாண்டும்.

செய்ய வேண்டியது: சில வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்ப்பது, கூடவே சி.ஆர்.பி.யும் இரும்புச்சத்தும் பார்ப்பது. இரும்புக் குறைவும் தட்டணுவை ஏற்றும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் அழற்சியில் தானாகவே உயரும். ஆகவே ஃபெரிட்டின் இயல்பாக இருப்பதை மட்டும் வைத்து இரும்பு போதும் என்று முடிவு கட்டக்கூடாது.

அழற்சிக்கோ இரும்புக் குறைவுக்கோ தடயமே இல்லாமல் எண்ணிக்கை மாதக்கணக்கில் 4.5 லட்சத்துக்கு மேலேயே நின்றால் மஜ்ஜை நோயைத் தேட வேண்டும். ஜாக்-2, கால்ரெட்டிகுலின், எம்.பி.எல். மரபணு மாற்றங்களைப் பார்ப்பார்கள். சில புற்றுநோய்களும் தாமே இன்டர்லூகின்-6 சுரந்து தட்டணுவை ஏற்றும். சினைப்பைப் புற்றுநோயில் இந்தப் பாதை 2012-இல் தெளிவாகக் காட்டப்பட்டது. எண்ணைக் கண்டு பயந்து சொந்தமாக ஆஸ்பிரின் போடுவது மட்டும் வேண்டாம்.

5. அழற்சி பிளேட்லெட்டை ஏத்தும்னு சொல்றீங்க. அப்போ டெங்குவில ஏன் மடமடன்னு விழுது?

நியாயமான கேள்வி. எண்ணிக்கை என்பது வரவுக்கும் செலவுக்கும் உள்ள மீதி. 4-ஆம் பதிலில் சொன்னது வரவு கூடும் வழி. டெங்குவில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது. தொடக்க நாட்களில் வைரஸும் அதற்கு எதிராக எழும் சைட்டோகைன்களும் மஜ்ஜையின் உற்பத்தியை அமுக்குகின்றன. அதே நேரம் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் தூண்டப்பட்டு வெள்ளணுக்களோடு ஒட்டிக்கொள்கின்றன. எதிர்ப்புப் புரதங்கள் மேலே படிந்தவற்றை மண்ணீரலும் கல்லீரலும் வடிகட்டி எடுத்துவிடுகின்றன.

தீவிரமான பாக்டீரியாத் தொற்றிலும் முதலில் எண்ணிக்கை விழும். பிழைத்து எழுந்தபின் ஏறும். ஒரே நோயாளியின் தாளில் முதல் வாரம் 70,000-ம் மூன்றாம் வாரம் 5.5 லட்சமும் இருக்கலாம். இரண்டுமே சரியான எண்கள்தான்.

6. டெங்குவில 20,000 ஆயிடுச்சு. பிளேட்லெட் ஏத்தச் சொல்லிக் கேட்கலாமா? பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு எண்ணை மட்டும் பார்த்துத் தட்டணு ஏற்றுவதால் பயன் இல்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை. ஒவ்வாமை போன்ற பக்கவிளைவுகள்தான் கூடின. ஏற்றியவையும் ஏற்கெனவே இருந்தவற்றைப் போலவே அழிகின்றன. ரத்தக்கசிவு இருந்தால் நிலைமை வேறு, அப்போது ஏற்றுவார்கள்.

டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவைவிட, ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவது. காய்ச்சல் விடும் நேரத்தில், பொதுவாக 3-ஆம் நாளிலிருந்து 7-ஆம் நாளுக்குள் அது நடக்கும். ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா, வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், அசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது. பப்பாளி இலைச் சாறு எண்ணிக்கையைச் சற்று விரைவாக ஏற்றியதாகச் சிறிய ஆய்வுகள் உண்டு. ரத்தக்கசிவையோ மரணத்தையோ அது குறைத்ததற்குச் சான்று இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவர் வாயில் கசப்புச் சாற்றைத் திணிப்பதைவிட உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது உதவும்.

7. ரிப்போர்ட்ல 40,000. ஆனா ஒரு சிராய்ப்பு, ரத்தப்புள்ளி எதுவும் இல்லை. எப்படி?

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்துள்ள இ.டி.டி.ஏ. சிலரது தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். இயந்திரம் அந்தத் திரளைத் தட்டணுவாக எண்ணாது. கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு எடுத்து ஓரங்களைப் பார்த்தால் திரள்கள் தெரியும். நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து எண்ணி, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்; குழாயில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு திரவம் இருப்பதால் இந்தப் பெருக்கல். இந்தச் சிறு சோதனை செய்யாமல் ஸ்டீராய்டு வரைக்கும் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

8. எண்ணிக்கை நார்மல். அப்படியும் அழற்சியால ரத்தம் கட்டுமா?

கட்டும். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இது என்று நினைக்கிறோம். எண்ணிக்கை எத்தனை தட்டணு இருக்கிறது என்று சொல்லும். அவை எந்த மனநிலையில் இருக்கின்றன என்று சொல்லாது.

முதல் மாற்றம் குழாய்ச் சுவரில். ஆரோக்கியமான உட்சுவர் உறைவை விரட்டும் பரப்பு: நைட்ரிக் ஆக்சைடும் புரோஸ்டாசைக்ளினும் சுரந்து தட்டணுவை அமைதியாக வைக்கும், த்ராம்போமாடுலின் என்ற புரதத்தை ஏந்தி, உறைய வைக்கும் த்ராம்பினையே உறைவைத் தடுக்கும் புரதம்-சி பக்கம் திருப்பிவிடும். டி.என்.எஃப்.பும் இன்டர்லூகின்-1-ம் பட்டால் த்ராம்போமாடுலின் குறைகிறது. தட்டணு ஒட்டுவதற்கான வான் வில்பிராண்ட் காரணி வெளிவருகிறது. கட்டியைக் கரைக்கும் வேலையை முடக்கும் பி.ஏ.ஐ.-1 கூடுகிறது. உறைவு எளிதாகிறது, கரைவது கடினமாகிறது.

இரண்டாவது, மோனோசைட் வெள்ளணுக்கள். இயல்பாக ரத்தத்தோடு தொடர்பில்லாமல் திசுக்களுக்குள் மறைந்திருக்கும் 'திசுக் காரணி' என்ற புரதத்தை இவை தம் மேற்பரப்பில் ஏந்தத் தொடங்குகின்றன. உறைவுத் தொடர்வினைக்குத் தீப்பொறி அதுதான். வெட்டுக் காயமே இல்லாமல், ஓடும் ரத்தத்துக்குள்ளேயே பொறி கிளம்புகிறது. மூன்றாவதாக 2-ஆம் பதிலில் சொன்ன ஃபைப்ரினோஜன்: 100 மி.லி.யில் 200 முதல் 400 மி.கி. இருக்க வேண்டியது இரண்டு மடங்குக்கும் மேல் போகலாம். தட்டணுக்களை ஒன்றோடொன்று கோக்கும் நூலும் அதுவே, கட்டியின் வலையாக மாறுவதும் அதுவே.

9. பிளேட்லெட் சும்மா சொன்னதைக் கேட்குமா, இல்லை அதுவும் அழற்சியைக் கிளப்பிவிடுமா?

கிளப்பிவிடும். தூண்டப்பட்ட தட்டணு தன் பைகளைத் திறக்கும்போது பி-செலக்டின் மேற்பரப்புக்கு வரும். அதைப் பிடித்துக்கொண்டு மோனோசைட், நியூட்ரோஃபில் ஆகிய வெள்ளணுக்கள் ஒட்டும். ஒட்டிய மோனோசைட் திசுக் காரணியை இன்னும் கூட்டும். ரத்தத்தில் மிதக்கும் சி.டி.40 லிகண்ட் என்ற அழற்சிப் புரதத்தில் பெரும்பகுதி தட்டணுக்களிலிருந்து வருவதுதான். உட்கரு இல்லாவிட்டாலும், மெகாகேரியோசைட் கொடுத்தனுப்பிய ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டி இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தானே தயாரிக்கவும் தட்டணுவால் முடியும்.

நியூட்ரோஃபில்கள் தங்கள் டி.என்.ஏ.வையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிப்பது 2004-இல் கண்டறியப்பட்டது. தட்டணு ஒட்டினால் அந்த வலை விரைவாக விரிகிறது. விரிந்த வலையில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் சிக்கிக் கட்டி உருவாகிறது. அங்கே பிறக்கும் த்ராம்பின் குழாய்ச் சுவரில் உள்ள பார்-1 ஏற்பியைத் தட்டி மறுபடி இன்டர்லூகின்-6-ஐ வரவழைக்கும். வட்டம் முழுமையாகிவிட்டது. கோவிட் தீவிரமானவர்களின் நுரையீரல் நுண்குழாய்களில் இந்த வட்டம் கட்டுக்கடங்காமல் சுற்றியதைத்தான் பார்த்தோம்.

10. காய்ச்சலோட டி-டைமர் எடுத்தாங்க, அதிகமா இருக்காம். எங்கேயோ கட்டி இருக்குன்னு அர்த்தமா?

அப்படிச் சொல்ல முடியாது. ஃபைப்ரின் வலை உருவாகிக் கரைந்தால் மிஞ்சும் துண்டுதான் டி-டைமர். தொற்று, அறுவை சிகிச்சை, கர்ப்பம், புற்றுநோய், முதுமை எல்லாவற்றிலும் ஏறும். கட்டிக்கான வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் மதிப்பிட்டவரிடம் அளவு இயல்பாக இருந்தால், 'கட்டி இல்லை' என்று சொல்லத்தான் அது உதவும். 50 வயதுக்கு மேல் வரம்பு 500-க்குப் பதில் வயது பெருக்கல் 10. 72 வயதுக்கு மி.லி.க்கு 720 நானோகிராம். தாளில் உள்ள அலகு எஃப்.இ.யு.தானா (ஃபைப்ரினோஜன் சமான அலகு) என்று பார்த்த பிறகே இந்தக் கணக்கு.

ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலி: இவை இருந்தால் டி-டைமர் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

11. ஃப்ளூ வந்தா ஹார்ட் அட்டாக் வரும்னு படிச்சேன். மிகைதானே?

மிகை இல்லை. கனடாவின் ஒன்டாரியோவில் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட ஃப்ளூ நோயாளிகளைப் பார்த்து 2018-இல் வெளியான ஆய்வில், பரிசோதனைக்குப் பின் முதல் 7 நாட்களில் மாரடைப்பு வீதம் மற்ற காலத்தைவிட ஏறத்தாழ 6 மடங்கு இருந்தது. 8-ஆம் பதிலில் சொன்ன மாற்றங்கள் சில நாட்களுக்கு உச்சத்தில் இருக்கும்போது, ஏற்கெனவே கொழுப்புப் படிந்த இதயக்குழாய் உள்ளவர் மாட்டிக்கொள்கிறார். இதய நோயாளிகள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட வேண்டும் என்பதற்கு இதுவும் காரணம்.

12. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு அப்பாவை அட்மிட் பண்ணியிருக்கோம். மலத்துல ரத்தம் போகுது. ஹெப்பாரின் ஊசி போடறாங்களே, தப்பு இல்லையா?

தப்பு இல்லை, பலரும் பதறும் இடம் இது. குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கால் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 முதல் 3 மடங்கு. நோய் சீறும் நாட்களில், அதுவும் படுக்கையில் இருக்கும்போது, இன்னும் கூடும். ரத்தம் போவது குடல் புண்ணிலிருந்து. உடலின் மற்ற இடங்களில் ரத்தம் உறையும் பக்கமே சாய்ந்திருக்கிறது. ஆகவே, பெருமளவில் ரத்தம் கொட்டினாலன்றி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் தடுப்பு அளவில் பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் அப்பாவின் ஹீமோகுளோபின் தினமும் பார்க்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

13. தினம் ஆஸ்பிரின் 75 போடறேன். அது அழற்சிக்கும் சேர்த்துத்தானே? மூட்டு வலிக்கு ஐபுப்ரூஃபனும் போடலாமா?

75 மி.கி. அழற்சியை அடக்காது. அந்த அளவு தட்டணுவில் உள்ள காக்ஸ்-1 நொதியை நிரந்தரமாக முடக்கி, தட்டணுக்களைத் திரட்டும் த்ராம்பாக்சேன் உற்பத்தியை நிறுத்தும். தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புது நொதியைப் போதிய அளவில் செய்துகொள்ள வழியில்லை. ஆயுள் முடியும்வரை முடக்கம்தான். ஆனால் த்ராம்பின் போன்ற மற்றத் தூண்டல்களுக்கு வழி திறந்தே இருக்கும்.

ஐபுப்ரூஃபன் அதே நொதியின் வாசலில் தற்காலிகமாக உட்கார்ந்துகொள்ளும். அது முதலில் போனால் ஆஸ்பிரின் உள்ளே நுழைய முடியாமல் வெளியேறிவிடும். தவிர்க்க முடியாத வேளையில், உறை பூசாத ஆஸ்பிரினைப் போட்டுக் குறைந்தது 30 நிமிடம் கழித்து ஐபுப்ரூஃபன். அல்லது ஐபுப்ரூஃபன் போட்டு 8 மணி நேரத்துக்குப் பின் ஆஸ்பிரின். குடலில் கரையும் உறை பூசிய ஆஸ்பிரினுக்கு இந்த இடைவெளிக் கணக்கு பொருந்தாது. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயமும் கூடும். இதய நோய் இருப்பவர் வலிக்கு வேறு மருந்து கேட்பதே நல்லது.

14. அப்போ அழற்சியையே அடக்கிட்டா கட்டி வராதா?

ஓரளவுக்கு. 2017-இல் வெளியான கேன்டோஸ் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. முன்பு மாரடைப்பு வந்து சி.ஆர்.பி. 2 மி.கி./லிட்டருக்குக் குறையாத 10,061 பேர். சிலருக்கு இன்டர்லூகின்-1 பீட்டாவைத் தடுக்கும் கனாகினுமாப். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மி.கி. பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்ந்து 15 சதவீதம் குறைந்தது. கொழுப்பு அளவு மாறவில்லை. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் கூடின. அது இதய மருந்தாக வரவில்லை. மலிவான கால்ச்சிசின் 0.5 மி.கி. 2019, 2020 ஆய்வுகளில் பலன் காட்டியது. 2024-இல் மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில் காட்டவில்லை.

எந்தக் கம்பியை வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். இன்டர்லூகின்-6 ஏற்பியை மறிக்கும் டோசிலிசுமாப் தட்டணுவைக் குறைக்கும் (ஏன் என்பது 4-ஆம் பதிலில்). முடக்குவாதத்தில் 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் தொடங்குவதில்லை, நடுவில் 50,000–1 லட்சத்துக்கு வந்தால் இடைநிறுத்தம், 50,000-க்குக் கீழே போனால் கைவிட வேண்டும். இதை எடுப்பவருக்குத் தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. ஏறாமல் ஏமாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். சைட்டோகைனின் செய்தியை உயிரணுவுக்குள் கடத்தும் ஜாக் நொதியைத் தடுக்கும் டோஃபாசிட்டினிபோ அழற்சியை நன்றாக அடக்கியும், 50 வயதைத் தாண்டி இதய அபாயம் உள்ள முடக்குவாத நோயாளிகளிடம், குறிப்பாக 10 மி.கி. இருவேளை கொடுத்தபோது, நுரையீரல் கட்டிகளைக் கூட்டியது.

15. செப்சிஸ்ல டி.ஐ.சி. சந்தேகம்னு சொல்றாங்க. ஆனா ஃபைப்ரினோஜன் நார்மலா இருக்கே?

செப்சிஸ் போன்ற தீவிரத் தொற்றில் உடல் முழுதும் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்து, உறைவுப் பொருள்கள் செலவாகிவிடும் நிலைதான் டி.ஐ.சி. அழற்சியின் கட்டளையில் கல்லீரல் ஃபைப்ரினோஜனை அள்ளித் தருகிறது. நுண்குழாய்களில் உறைவு அதை அள்ளிச் செலவழிக்கிறது. 700 இருக்க வேண்டிய நேரத்தில் 300 என்றால் பாதிக்கு மேல் செலவாகிவிட்டது, தாளில் 'இயல்பு' என்று வந்தாலும். ஒரு எண்ணைவிட 6–12 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எண்களின் சரிவு அதிகம் சொல்லும்.

டி.ஐ.சி.யைக் கணிக்கும் மதிப்பெண் முறையில் தட்டணு 1 லட்சத்துக்குக் கீழே 1, 50,000-க்குக் கீழே 2. டி-டைமர் ஏற்றத்துக்கு 2 அல்லது 3. புரோத்ராம்பின் நேரம் 3 நொடி நீண்டால் 1, 6 நொடியைத் தாண்டினால் 2. ஃபைப்ரினோஜன் 100-க்குக் கீழே 1. கூட்டல் 5 அல்லது மேல் என்றால் டி.ஐ.சி. மூலத்தொற்றை அடக்குவதே சிகிச்சையின் மையம். உறைவை மட்டும் தடுத்துப் பிழைக்க வைக்க முடியுமா என்று பார்த்தார்கள்: 8-ஆம் பதிலில் வந்த புரதம்-சி-யின் செயல்வடிவம் 2001-இல் மருந்தாக அனுமதி பெற்று, மறு ஆய்வில் பலன் காட்டாததால் 2011-இல் திரும்பப் பெறப்பட்டது.

16. ஆஸ்பத்திரியில சேர்ந்து ஏழாம் நாள் பிளேட்லெட் பாதியாயிடுச்சு. தொற்றுனால இருக்குமோ?

இருக்கலாம். ஆனால் ஹெப்பாரின் போய்க்கொண்டிருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். தட்டணு வெளிவிடும் பி.எஃப்.-4 புரதம் ஹெப்பாரினோடு சேர்ந்த உருவத்துக்கு எதிராக எதிர்ப்புப் புரதம் எழும். அது தட்டணுக்களையே தூண்டிவிடும். 5 முதல் 10 நாளில் எண்ணிக்கை 50 சதவீதத்துக்கு மேல் சரிவது அடையாளம். கடந்த 100 நாளில் ஹெப்பாரின் பெற்றவருக்கு ஒரே நாளிலும் விழலாம். எண்ணிக்கை குறைந்தும் ரத்தம் கட்டும் நோய் இது. குழாய் அலசும் ஹெப்பாரின் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தி வேறு உறைவெதிர்ப்பி தர வேண்டும். ரத்தக்கசிவு இல்லாமல் தட்டணு ஏற்றுவதில்லை, எண்ணிக்கை 1.5 லட்சம் மீளும்வரை வார்ஃபரினும் தொடங்குவதில்லை.

17. ஆராய்ச்சிக்கு சி.டி.40 லிகண்ட், வி.இ.ஜி.எஃப். அளக்கிறோம். சீரத்துல எடுத்தா போதாதா?

போதாது, தவறாகவும் போகும். சீரம் கிடைக்க ரத்தம் குழாயில் உறைய வேண்டும். உறையும்போது தட்டணுக்கள் பைகளைக் கொட்டிவிடும். நீங்கள் அளப்பது நோயாளியின் அழற்சியை அல்ல, உங்கள் குழாயில் நடந்த உறைவை. தட்டணு அதிகம் உள்ளவரிடம் எண் தானாகவே பெரிதாக வரும்.

21 கேஜ் ஊசி, தளர்வான கட்டு, முதல் குழாயை ஒதுக்கிவிட்டு 3.2 சதவீத சிட்ரேட்டில் கோடு வரை நிரப்புங்கள். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், குளிர் தட்டணுவைத் தூண்டும். விரைவில் 1,500 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றி, வெள்ளணுப் படலத்துக்கு மேலே சிறிது விட்டுவிட்டுப் பிளாஸ்மாவை எடுத்து, வேறு குழாயில் இரண்டாம் முறை அதேபோல் சுழற்றுங்கள். மிஞ்சும் தட்டணு மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகே உறைநிலைக்கு அனுப்புங்கள். மிஞ்சியவை உறைந்து உருகும்போது உடைந்து, முதல் தவறையே திரும்பவும் கொண்டுவரும்.